அப்பாவின் முறை

அந்த வீட்டில் மாலை ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. சின்னவளில் ஆரம்பித்துப் பெரியவரில் முடியும். முதலில் மகள். அடுத்து அவள் அண்ணன். பிறகு அம்மா. கடைசியாக அப்பா. அப்பா ஆமென் சொன்ன பிறகுதான் யாரும் எழுந்திருக்கலாம்.

அப்பா முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய ஜெபமும் லிஃப்ட் மாதிரிதான் என்று அண்ணன் கிண்டல் செய்வான். எல்லா மாடியிலும் நிற்கும், கதவு திறக்கும், மூடும், அப்புறம்தான் கிளம்பும். சொந்தபந்தம், எதிர்வீட்டுக்காரரின் மூட்டுவலி, அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்களோ அவர்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோனது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. ஒரு சொல் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. எதையாவது கேட்டால் தலையாட்டுவதும் இல்லை.

அம்மா மட்டும் வரிசையை மாற்றவில்லை. தன் ஜெபத்தை முடித்ததும், "இப்ப அப்பா" என்பாள். எல்லோரும் கண்களை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். மின்விசிறி சுற்றும். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்புவார்கள். என்றைக்கு எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. திடீரென்று அம்மாவே அப்பாவுக்காக ஆமென் சொல்லி முடித்துவைப்பாள்.

போன வாரம் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. அவன் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். விடிவதற்கு வெகு முன்பே எழ வேண்டும்.

"இது ஜெபமாம்மா, இல்லே மௌன அஞ்சலியா?" என்று கேட்டுவிட்டான்.

அம்மா எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள், சாப்பாடு போட்டாள், உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சட்டை காய்ந்துவிட்டதா, வேனுக்கு நேரமாகிவிட்டதா போன்ற தகவல்கள் மகள் வழியாகப் போய்வந்தன.

மகளுக்குக் கோபம் கிடையாது. அவளைக் குடைந்தது வேறு. அம்மா எதற்காகக் காத்திருக்கிறாள்? அதைவிட, எதை வைத்து நிறுத்துகிறாள்?

வீட்டில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்றே பெயர். அண்ணன் வைத்தது. பெயருக்கு ஏற்றபடி நாற்பத்து மூன்று நாளாக அந்த மௌனத்தின் நேரத்தை அவள் குறித்துவந்தாள். மடியில் கைக்கடிகாரத்தின் பொத்தானை ஓசைப்படாமல் அழுத்துவாள். மிகக் குறைவு ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. மிக அதிகம் ஏழு நிமிடம் இருபது. ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் வித்தியாசம் இல்லை. அம்மாவுக்குத் தையல் வேலை அதிகம் இருந்த நாளுக்கும் இல்லாத நாளுக்கும் வித்தியாசம் இல்லை. வரைபடம் போட்டுப் பார்த்தாள். புள்ளிகள் யாரோ கடுகைக் கொட்டியதுபோல் சிதறிக் கிடந்தன.

இந்தச் செவ்வாய்க்கிழமையும் அந்த வரைபடம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்க, வேலைக்குப் போனாள்.

அவள் வேலை பார்ப்பது விதைப் பரிசோதனைக் கூடத்தில். ஈரத் தாளில் விதைகளை வரிசையாக அடுக்கிச் சுருட்டி, வெதுவெதுப்பான அலமாரியில் நிறுத்திவைப்பார்கள். குறித்த நாளில் பிரித்து, நூற்றுக்கு எத்தனை முளைத்தன என்று எண்ணுவார்கள். முளைக்காததை இடுக்கியால் மெல்ல அழுத்தினால் சில நசுங்கிவிடும். சில நசுங்காது. நசுங்காததைச் செத்த கணக்கில் சேர்க்கக் கூடாது.

அன்று காலையில் ஒருவர் சின்னப் பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

"பதினாலு நாளெல்லாம் எனக்குத் தாங்காதும்மா. உயிர் இருக்கா இல்லையா, அதை மட்டும் உடனே சொல்லுங்க."

"சொல்லலாங்க. ஊறவச்சு, நடுவுல அறுத்து, ஒரு மருந்துத் தண்ணியில போடுவோம். உயிர் இருக்கிற இடம் செவந்துடும். நாளைக்கே தெரிஞ்சுடும்."

"பாத்தீங்களா! அதைச் செய்ங்க."

"அறுத்த விதை அப்புறம் முளைக்காது."

அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மொத்தமே ஒரு கைப்பிடிதான் இருந்தது.

"இவ்வளவுதான் இருக்கு. வேற எங்கயும் கிடைக்காது." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சரி, பதினாலு நாளே இருக்கட்டும். ஆனா பதினாலாம் நாள் காலையில மொத ஆளா நான்தான் வந்து நிப்பேன்."

"வாங்க" என்றாள். சிரிப்பு வந்தது. அப்பாவின் பயிற்சிக்காகப் பாதி நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பேச்சுப் பயிற்சிக் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் நின்று கதவு திறந்தபோது அதன் தளம் வெளித்தளத்தைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா நகரவில்லை. அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவு இரண்டு முறை மூட வந்து திரும்பியது.

"வாங்க, ஏங்க! இன்னிக்கு நீங்க இதைச் சரிபண்ண வரலை" என்றாள் அம்மா.

பயிற்சியாளர் ஒரு நடுவயதுப் பெண். பொறுமைசாலி. மேசையில் பட அட்டைகளைப் பரப்பியிருந்தார்.

"ஐயா, இதைப் பாருங்க. இது கத்தரிக்கோலா?"

அப்பா படத்தைப் பார்த்தார்.

"ஆமான்னா தலையை இப்படி அசைங்க. இல்லேன்னா இப்படி. இது கத்தரிக்கோலா?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

பூனை வந்தது, குடை வந்தது, சாவி வந்தது. நாற்பது நிமிடமும் ஜன்னல்தான். பயிற்சியாளர் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டார். பிறகு அம்மாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"அம்மா, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லே. நாளைக்குப் பத்து மணிக்கு நான் அறிக்கை அனுப்பணும். அஞ்சு மாசத்துல எந்த மாற்றமும் இல்லேன்னு எழுதினா, ஐயாவோட இடத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. பதினோரு பேர் வரிசையில இருக்காங்க."

"திரும்பக் கிடைக்காதா?"

"எப்பன்னு சொல்ல முடியாது. எனக்குப் பெரிசா எதுவும் வேணாம்மா. பேச்சு வேணாம். கேட்ட கேள்விக்குப் புரிஞ்சு ஆமா, இல்லேன்னு ஒரு தலையாட்டல். வீட்ல நடந்தாலும் போதும், நீங்க சொன்னா நம்பி எழுதறேன். அப்படி ஏதாவது?"

மகள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"தினமும் ஜெபம் பண்றார்."

மகளுக்கு முகம் சுட்டது. அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். அம்மா கண்டுகொள்ளவில்லை.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "சத்தம் வருமா?"

"வராது."

"உதடு அசையுமா?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம்.

"அது எப்படிங்க தெரியும்? நாங்க எல்லாரும் கண்ணை மூடியிருப்போமே."

பேனா அப்படியே நின்றது. பயிற்சியாளர் அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"அஞ்சு மாசமா? ஒருத்தர்கூடப் பாத்ததில்லையா?"

மகள் தரையைப் பார்த்தாள். நாள் முழுக்க லென்ஸ் வைத்து விதையைப் பார்க்கிறவள். நாற்பத்து மூன்று நாள் விநாடி சுத்தமாக நேரம் குறித்தவள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

காரணம் இருந்தது. ஆறு வயதில் ஒருமுறை அவள் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்துவிட்டாள். அப்பா திட்டவில்லை. "கண்ணைத் தொறந்தா யார் பேசறாங்கன்னு தெரியும். மூடினாத்தான் யார்கிட்ட பேசறோம்னு தெரியும்" என்றார். அதற்குப் பிறகு அவள் திறந்ததில்லை. அந்த வீட்டில் வேறு யாரும் திறந்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. தாயும் மகளும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? திட்டக் கூடாது."

"கேளு."

"அப்பாவுக்குப் பேச்சு வந்துடும்னு நீ நம்பறியா?"

அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள். "தெரியலை."

இந்தப் பதிலை மகள் எதிர்பார்க்கவில்லை. சபையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் நிச்சயமாக வரும் என்றுதான் சொன்னார்கள். ஒருவர் மாதத்தைக்கூடக் குறித்துக் கொடுத்தார். அந்த மாதம் வந்து போய்விட்டது.

"அப்ப தினமும் எதை நம்பிக் காத்திருக்கே?"

"கர்த்தர் கேட்டுட்டிருக்கார்னு நம்பறேன். உங்கப்பா பேசறது நமக்குக் கேக்கலை, அவருக்குக் கேக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"பேச்சு வரவே இல்லேன்னா?"

"வரலேன்னா அழுவேன். வேற என்ன பண்றது? அதுக்காக அவர் முறையை எடுத்து நான் வச்சுக்க முடியுமா?"

முன்னால் அப்பாவின் தலை பஸ்ஸோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு இதெல்லாம் கேட்டதா என்று தெரியவில்லை.

மாலை ஆறரைக்கு விளக்கைப் போட்டு நால்வரும் உட்கார்ந்தார்கள். அப்பா நாற்காலியில், மற்றவர்கள் தரையில். அண்ணன் உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.

மகளின் ஜெபம் எப்போதும் சுருக்கம். கடவுளிடம் பேசவும் அவளுக்குக் கூச்சம்தான். இரண்டே வாக்கியம் சொன்னாள். அண்ணன் வேனுக்காகவும் சம்பளத்துக்காகவும் ஜெபித்தான். அம்மா அந்தப் பதினோரு பேருக்காக ஜெபித்தாள். தங்கள் இடத்துக்கு வரக் காத்திருக்கும் பதினோரு பேருக்காக!

"இப்ப அப்பா."

மகள் கடிகாரப் பொத்தானை அழுத்தினாள். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இரண்டையும்.

முதலில் அம்மா தெரிந்தாள். கண்ணை இறுக்கி, பஸ் வருகிறதா என்று பார்க்கிறவள்போலக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டியிருந்தாள். அண்ணன் கால் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தான்.

அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

நடுக்கமாக இருக்குமோ? அவள் அப்படித்தான் முதலில் சந்தேகப்பட்டாள். நடுக்கமென்றால் ஒரே சீராக இருக்கும். இது சீராக இல்லை. கொஞ்சம் ஓடியது, நின்றது. புருவம் உயர்ந்தது. மறுபடி ஓடியது. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. வலது ஓரம் மட்டும் பின்தங்கி இழுத்துக்கொண்டு வந்தது. அவர் யாரோ ஒருவரைச் சொல்லி முடித்து அடுத்தவருக்குப் போகிறார். சத்தம்தான் இல்லை. மற்றதெல்லாம் பழைய அப்பா.

மூன்று நிமிடம் ஆனதும் அண்ணன் தொண்டையைச் செருமினான். அம்மாவின் முகம் சுருங்கியது.

"ஆமென்" என்றாள்.

பாதி திறந்திருந்த அப்பாவின் வாய் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மூடியது. அவர் கண்களைத் திறந்தார். நேரே மகளைப் பார்த்தார்.

அவள் அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா! நீ எதை வச்சு ஆமென் சொல்றே? ஏதாவது அடையாளம் இருக்கா?"

"என்ன அடையாளம்?"

"அப்பா முடிச்சுட்டார்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் பாப்பேன். மனசு நிறைஞ்சா சொல்லுவேன். சில நாள் இவன் செருமறதைக் கேட்டா எரிச்சல் வரும், சட்டுனு முடிச்சுடுவேன். ஏன்?"

"அப்பாவுக்கு உதடு அசையுதும்மா. பேசறார். சத்தமில்லாம."

அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"ஜெபத்துல கண்ணைத் தொறந்தியா நீ?"

"அம்மா!"

"தொறந்தியான்னு கேட்டேன்."

"தொறந்தேன். அதை அப்புறம் திட்டு. நீ ஆமென் சொன்னப்ப அவர் முடிக்கலைம்மா. நடுவுல இருந்தார்."

கரண்டி மேடைமேல் போனது. அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு மட்டுமா?"

"தெரியலை. இன்னிக்குத்தானே பாத்தேன்."

"நூத்தம்பது நாள்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "நூத்தம்பது நாள் அவர் பேசப் பேச நான் வாயை அடைச்சிருக்கேனா? அவருக்காகக் காத்திருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு?"

வாசல்படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

"நான்தாம்மா செருமினேன்" என்றான். ஒரு வாரத்தில் அம்மாவிடம் அவன் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. "வேணும்னேதான் செருமினேன்."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று மகள் நினைத்தாள். அம்மா கையை நீட்டினாள். அவன் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"வாங்க ரெண்டு பேரும்" என்றாள்.

"மறுபடியுமா?" என்றான் அண்ணன். உடனே, "வரேன், வரேன்" என்றான்.

அப்பா நாற்காலியிலேயே இருந்தார். அம்மா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் தினமும் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுடுங்க. வரிசையெல்லாம் வேணாம், நீங்க மட்டும் பண்ணுங்க. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லே." பிறகு மகளிடம், "நீ வேணா கண்ணைத் தொறந்து வச்சுக்கோ. என்னால முடியாது" என்றாள்.

அம்மா கண்களை மூடினாள். அண்ணனும் மூடினான். அப்பா கொஞ்ச நேரம் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்தார்.

உதடுகள் அசைய ஆரம்பித்தன.

மூன்று நிமிடம் போனது. அண்ணனின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, ஓசை வரவில்லை. ஐந்து நிமிடம். ஏழு தாண்டியது. எட்டு. மகள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். உதடுகளைப் படிக்க முடியுமா என்று பார்த்தாள். ஒரு இடத்தில் தன் செல்லப்பெயர் வந்ததுபோல் இருந்தது. அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டதாலும் இருக்கலாம்.

ஒரு கட்டத்தில் உதடுகள் நின்றன.

அவள் காத்திருந்தாள். அசையவில்லை. அப்பா கண்களைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். ஐந்து மாதப் பழக்கம், அம்மா முடித்துவைப்பாள் என்று பார்க்கிறார். அம்மாவோ அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி மட்டும் சுற்றியது. முடிந்துவிட்டதா, மூச்சு வாங்குகிறாரா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மகளுக்குப் புரியவில்லை. படித்த படிப்பில் எதுவும் உதவவில்லை.

அம்மாதான் கடைசியில் மெதுவாகக் கேட்டாள், கண்ணைத் திறக்காமல்.

"முடிஞ்சுதாங்க?"

ஐந்து மாதத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

அப்பாவின் தலை இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது. கஷ்டப்பட்டு, கழுத்து நரம்பு புடைக்க, இன்னொரு தடவை இடப்பக்கம் போனது.

பிறகு குனிந்தார். உதடுகள் மறுபடி அசைந்தன.

"என்னடி சொன்னார்?" அம்மாவின் கண்கள் இன்னும் மூடியே இருந்தன.

மகள் அம்மாவின் பக்கம் குனிந்தாள். "இல்லைங்கறார்ம்மா. தலையாட்டினார். இன்னும் முடியலையாம்."

அண்ணன் சட்டென்று கண்ணைத் திறந்தான். "நெஜமாவா? ஆராய்ச்சி, சும்மா சொல்லாதே."

நிஜம்தான். ஆனால் ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் எழுதக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நாளை பத்து மணிக்கு பயிற்சியாளரிடம் சத்தியமாகச் சொல்ல வேண்டும். தற்செயலாகக் கழுத்து திரும்பியிருந்தால்? இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். இப்போதே. ஒருமுறை விழித்துக்கொண்ட தலை மறுபடி தூங்கிவிடுவதற்குள்.

அவள் முழங்காலில் எழுந்து முன்னால் சாய்ந்தாள். "அப்பா, ஒரே ஒரு..."

அம்மா கையை நீட்டித் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சும்மா இரு" என்றாள். "அவர் பேசிட்டிருக்கார்."